குரல் யாருடையது? ஜேம்ஸ் பிளேக்கின் ஒலிப்பதிவுகளில் எடுத்தாளலும் தன்னுரைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

இலண்டனைச் சேர்ந்த பாடலாசிரியரும் பாடகருமான ஜேம்ஸ் பிளேக் 2010 முதல் 2023 வரை வெளியிட்ட ஒலிப்பதிவுகளில் குரல் கையாளப்படும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகளால் உருமாற்றப்பட்ட குரலில் தொடங்கித் தெளிவான குரலுக்கு, அதாவது மறைப்பிலிருந்து வெளிப்படைக்கு, அவர் முதிர்ந்தார் என்பது பரவலாக வழங்கும் வாசிப்பு. அவருடைய பாடல்களுக்குக் குரல் தந்த பிறரை அவ்வாசிப்பு கணக்கில் கொள்வதில்லை. பிளேக்கின் சிறந்த பதிவுகளில் ஒலிக்கும் குரல் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதும், அதைத் தன்வரலாறாகக் கேட்கும் பழக்கம் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து பெற்ற கடனைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜேம்ஸ் பிளேக், மின்னணு இசை, சோல் இசை, குரல், எடுத்தாளல், டப்ஸ்டெப், தன்னுரைப்பு

முன்னுரை

‘சோல்’ என்ற இசைவகையின் பெயரே ஓர் உரிமைகோரல். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் நற்செய்திப் பாடல் முறையை 1950களில் ரே சார்லஸும் அடுத்த பத்தாண்டில் அரீத்தா ஃபிராங்க்ளினும் உலகியல் பாடலுக்குள் கொண்டுவந்தபோது, பாடுபவரின் உள்ளம் இடையீடின்றிக் குரலில் வெளிப்படுகிறது என்ற நம்பிக்கையும் உடன் வந்தது. மின்னணு இசை இதற்கு நேர்மாறான பெயர் பெற்றது. அதில் ஒலி வெட்டப்படும், ஒட்டப்படும், நீட்டப்படும். மூலம் எது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இவ்விரண்டும் ஒரே பாடலில் சந்திக்கும்போது, குரல் உள்ளத்தின் சான்றா, கையாளப்படும் பொருளா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு உட்படுத்தத்தக்க கலைஞர்களுள் பிளேக் முதன்மையானவர். 1988இல் பிறந்த இவர், இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் வெகுசன இசை பயின்றார். தந்தை ஜேம்ஸ் லிதர்லண்ட், ‘கொலோசியம்’ என்ற பிரித்தானிய இசைக்குழுவின் தொடக்கக் காலப் பாடகரும் கிட்டார் கலைஞரும் ஆவார். 2011 முதல் 2023 வரை ஆறு முழுநீளத் தொகுப்புகளைப் பிளேக் வெளியிட்டுள்ளார். 2013இல் மெர்குரி பரிசு பெற்றார். பியான்சே, ஃபிராங்க் ஓஷன், கென்ட்ரிக் லமார் ஆகியோரின் பதிவுகளில் பங்கேற்றார். இந்த வெற்றிப் பட்டியல் அறியப்பட்டதே. அதன் அடியில் குரலுக்கு என்ன நேர்ந்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

நான்கு மைகள்

பிளேக்கின் தொடக்கம் பாடகராக அன்று. 2009இல் ஹெம்லாக் நிறுவனம் வழியே வெளிவந்த முதல் இசைத்தட்டும், 2010இல் வெளியான ‘தி பெல்ஸ் ஸ்கெட்ச்’, ‘சி.எம்.ஒய்.கே.’, ‘கிளாவியர்வெர்க்கே’ ஆகிய மூன்று சிறுதொகுப்புகளும் டப்ஸ்டெப் அரங்குகளுக்கு உரியவை. டப்ஸ்டெப் 2000களின் தொடக்கத்தில் தென் இலண்டனின் குராய்டன் பகுதியில் உருவாயிற்று. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த கனத்த அடியொலி அதன் அடிப்படை. பிரிக்ஸ்டனில் நடந்த டி.எம்.இசட். இரவுகளில் மங்கிய ஒளியில் நின்றவர்கள் அந்த ஒலியைச் செவியைவிட நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தனர். அங்குப் பாடகர் என்றொரு மையம் கிடையாது. குரல் வந்தாலும் துண்டாகவே வரும்.

‘சி.எம்.ஒய்.கே.’ என்ற தலைப்புப் பாடல் இந்த மரபின் உள்ளிருந்தே எழுந்தது. கெலிஸ் 1999இல் பாடிய ஒரு பாடலிலிருந்தும் அலியா 1998இல் பாடிய ஒரு பாடலிலிருந்தும் எடுக்கப்பட்ட துண்டுகளால் இது கட்டப்பட்டுள்ளது. கெலிஸின் மூலப்பாடல், ஏமாற்றிய ஆணின்மீது ஒரு பெண் கொள்ளும் சினத்தைப் பேசுவது. அதில் அனைவர் நினைவிலும் நிற்பது பல்லவியின் கூச்சல். பிளேக் அதைத் தொடவில்லை. வீட்டில் மற்றொருத்தியின் சிவப்பு மேலங்கியைக் கண்டெடுக்கும் சரணத்தின் சிறுதுண்டை மட்டும் எடுக்கிறார். அதன் சுருதியை ஏற்றியும் இறக்கியும், பாடுவது ஆணா பெண்ணா எனப் பிரித்தறிய இயலாத நிலைக்குக் கொண்டுசெல்கிறார். சினத்தின் காரணம் எஞ்ச, சினம் நீங்கிவிடுகிறது.

பாடலின் பெயர் இங்குக் கருதத்தக்கது. அச்சுத் தொழிலில் பயன்படும் நான்கு மைகளின் ஆங்கில முதலெழுத்துகளே சி.எம்.ஒய்.கே. நீலப்பச்சை, கருஞ்சிவப்புக் கலந்த ஊதா, மஞ்சள், கறுப்பு ஆகிய அந்நான்கில் சிவப்பு இல்லை. ஊதாவின்மேல் மஞ்சள் படியும்போதுதான் சிவப்புத் தோன்றும். பாடலில் தேடப்படும் மேலங்கியோ சிவப்பு நிறத்தது. எந்தப் புட்டியிலும் இல்லாத நிறம் தாளில் தோன்றுவதுபோல, எந்த ஒரு பாடகியிடமும் இல்லாத ஒரு குரல் இப்பாடலில் தோன்றுகிறது. இந்த ஒப்புமையைப் பிளேக் எண்ணித்தான் பெயரிட்டாரா என்பது முக்கியமன்று. பாடல் அவ்வாறு இயங்குகிறது என்பதே கருத்து.

ஆயினும் மைகளுக்குப் பெயர் உண்டு. கெலிஸும் அலியாவும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். அலியா 2001இல் தம் 22ஆம் வயதில் வானூர்தி விபத்தில் இறந்தவர். அவர் குரலை ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு வெள்ளையின ஆங்கிலேய இளைஞர் வெட்டி ஒட்டுகிறார். இதைத் திருட்டு எனச் சுருக்குவது எளிது. வெட்டி ஒட்டுவது ஹிப்-ஹாப்பும் டப்பும் வளர்த்தெடுத்த முறை என்பதால் அவ்வாறு சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது. அன்பின் காணிக்கை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதும் போதாது. இக்கடன் பின்னர் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று பின்தொடர்வதே பயன் தரும்.

இல்லாத உடன்பிறப்புகள்

2010 இறுதியில் வந்த ‘லிமிட் டு யுவர் லவ்’ பிளேக்கைப் பாடகராக அறிமுகப்படுத்தியது. இதுவும் பிறருடையதே, கனடியப் பாடகி ஃபைஸ்ட் 2007இல் வெளியிட்ட பாடலின் மறுபாடல். பியானோவும் குரலும் மட்டும் தொடங்க, இடையில் இரண்டும் நின்றுவிடுகின்றன. அந்த வெற்றிடத்தில் மிகத் தாழ்ந்த அடியொலி ஒன்று நடுநடுங்கி எழுகிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி இத்தகைய தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப வல்லதன்று. எனவே கைப்பேசியில் கேட்பவருக்கு அந்த இடத்தில் ஏறத்தாழ அமைதியே கிடைக்கும். நல்ல ஒலிபெருக்கியில் கேட்பவருக்கோ அறைச் சாளரம் அதிரும். ஒரே பாடல் இருவருக்கு இரு பாடலாகிறது. இப்பாடலைப் பியானோவுடன் பாடப்பட்ட காதல் துயரம் எனப் பாராட்டியவர்களுள் எத்தனை பேர் அதன் பாதியை மட்டும் கேட்டனர் என வியக்கத் தோன்றுகிறது.

2011 பிப்ரவரியில் கலைஞரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு முதல் முழுத்தொகுப்பு வந்தது. பெரும்பகுதி வீட்டின் படுக்கையறையில் பதிவானது. பெயரும் படுக்கையறையும் சேர்ந்து தன்வரலாற்று வாசிப்புக்குக் கதவு திறந்தன. ஆனால் தொகுப்பின் பாடல்கள் அந்த வாசிப்பை ஒன்றன்பின் ஒன்றாக முறியடிக்கின்றன.

‘ஐ நெவர் லேர்ன்ட் டு ஷேர்’ இதற்குத் தக்க சான்று. பாடல் முழுவதும் ஒரே வாக்கியம். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் தன்னுடன் பேசுவதில்லை என்றும், அதற்காக அவர்களைக் குறைகூறப் போவதில்லை என்றும் அது கூறுகிறது. முதலில் தனிக்குரல், பிறகு அதே குரலின் இரண்டாம் படி, மூன்றாம் படி என ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சிறு பாடகர் குழு ஆகிறது. பின்னர் சிந்தசைசரின் இரைச்சல் அதை மூடுகிறது. பிளேக் உடன்பிறந்தோர் எவருமின்றித் தனிப்பிள்ளையாக வளர்ந்தவர். எனவே இது வாக்குமூலம் ஆகாது. ஆனால் பாடல் முடிவதற்குள், பேசாத உடன்பிறப்புகள் அவருடைய குரலின் படிகளாகவே கேட்பவர்முன் நிற்கின்றனர். ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது செய்தி குறைந்து உணர்ச்சி கூடுவதைக் காட்டும் வேறொரு பாடலை அக்காலத்தில் தேடுவது கடினம். அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறாத மரபைப் பயின்ற தமிழ் வாசகர்க்கு, பேசுபவர் யார் எனத் தெரியாமையால் உணர்ச்சி குன்றிவிடாது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘தி வில்ஹெல்ம் ஸ்க்ரீம்’ இன்னும் நுட்பமானது. இதன் மூலம் பிளேக்கின் தந்தை இயற்றிய ‘வேர் டு டர்ன்’ என்ற பாடல். மகன் அதிலிருந்து சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சிறுமாற்றங்களுடன் சுழலவிடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பின்னணி இரைச்சல் உயர்ந்து, ஒரு கட்டத்தில் குரல் அதனுள் அமிழ்ந்துவிடுகிறது. தலைப்பு, பாடல் வரிகளில் எங்கும் இல்லை. வில்ஹெல்ம் அலறல் என்பது ஹாலிவுட் ஒலிக்கிடங்கில் உள்ள ஓர் அலறலின் பெயர். 1951இல் ஒரு திரைப்படத்துக்காகப் பதிவான அது, பின்னர் நூற்றுக்கணக்கான படங்களில் வெவ்வேறு மனிதர்களின் சாவுக்கும் வீழ்ச்சிக்கும் ஒட்டப்பட்டது. ஒருவர் தொண்டையிலிருந்து ஒரு நாள் புறப்பட்டு, எவருக்கும் உரியதல்லாத ஒன்றாக வாழும் அலறல் அது. தந்தையின் சொற்களைத் தன் குரலில் பாடும் மகன் அப்பாடலுக்கு இப்பெயரைச் சூட்டியது வெறும் விளையாட்டு எனத் தோன்றவில்லை. துயரம் குடும்பச் சொத்தாக வரலாம், கிடங்கிலிருந்தும் எடுக்கப்படலாம். எது எது எனப் பிரித்துக்காட்டப் பாடல் முயலவில்லை.

இத்தொகுப்பில் இடம்பெறும் வோகோடர் கருவியையும் இவ்வகையில் நோக்க வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தின் கடலோரத் தீவொன்றின் பெயர் தாங்கிய ‘லிண்டிஸ்ஃபார்ன்’ பாடலின் முதற்பகுதியில் குரல் முழுவதும் வோகோடர் வழியாகவே வருகிறது. வோகோடர் ஒரு முகமூடி என்பது வழக்கமான விளக்கம். முகமூடி அணிந்தவர் முகம் மறைப்பார். இங்கோ மூச்சு எடுக்கும் இடமும் சொல் உடையும் இடமும் முன்னிலும் கூர்மையாகக் கேட்கின்றன. கருவி மறைப்பதைவிட மிகைப்படுத்துகிறது என்பதே பொருத்தம்.

கடன் திசை மாறும் இடம்

இரண்டாம் தொகுப்பான ‘ஓவர்குரோன்’ (2013) குறித்து மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. டேவிட் போவி உள்ளிட்டோர் இடம்பெற்ற பட்டியலிலிருந்து அது மெர்குரி பரிசுக்குத் தேர்வானதே காரணம். அதன் ‘ரெட்ரோகிரேட்’ பாடலில், சொற்கள் தொடங்குமுன் வரும் முனகல் லூப் ஆகச் சுழன்று பாடல் முழுவதையும் தாங்குகிறது என்பதைக் குறித்தால் போதும். 17 பாடல்களும் ஏறத்தாழ 76 நிமிடமும் கொண்ட ‘தி கலர் இன் எனிதிங்’ (2016) அளவால் தளர்ந்த தொகுப்பு. ரிக் ரூபின் போன்ற தேர்ந்த தயாரிப்பாளர் உடனிருந்தும் அதைச் சுருக்க எவரும் துணியவில்லை போலும். ஆனால் அதன் இறுதிப் பாடலான ‘மீட் யூ இன் தி மேஸ்’ கருவியிசை ஏதுமின்றி, உருமாற்றப்பட்ட குரலின் அடுக்குகளால் மட்டும் அமைந்தது. நீண்ட தொகுப்பைப் பொறுத்துக்கொண்டவர்க்குக் கிடைக்கும் பரிசு அது.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த பியான்சேயின் ‘லெமனேட்’ தொகுப்பில் ‘ஃபார்வர்ட்’ என்ற சிறு பாடல் உண்டு. நீளம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதியைப் பாடுபவர் பிளேக். பியான்சேயின் குரல் பின்னரே இணைகிறது. தொகுப்புடன் வந்த படத்தில் இப்பாடல் ஒலிக்கும்போது ட்ரேவான் மார்ட்டின், மைக்கேல் பிரவுன், எரிக் கார்னர் ஆகியோரின் தாய்மார்கள் தம் இறந்த மகன்களின் நிழற்படங்களை ஏந்தி அமர்ந்திருக்கின்றனர். மூவரும் 2012, 2014 ஆண்டுகளில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர். பிரவுனும் கார்னரும் காவலர் கையால் மாண்டவர்கள்.

கறுப்பினத் தாய்மார்களின் துயரத்துக்கு ஒரு வெள்ளையின ஆங்கிலேயரின் குரல் எதற்கு என்ற வினா நியாயமானது. பிளேக் இங்குத் தம் துயரத்தைப் பாடுவதாகக் கொண்டால் அது பொருந்தாமையாகவே முடியும். அவர்களுக்காகப் பேசுவதாகக் கொண்டால் இன்னும் மோசம். ஆனால் பாடலின் அமைப்பு இவ்விரண்டுக்கும் இடம் தரவில்லை. குரல் மெலிந்தது, சொற்கள் மிகச் சில, நிழற்படங்களைப் பற்றி அது எதுவும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது எங்கு வைக்கப்பட வேண்டும், எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்பவை பியான்சேயின் முடிவுகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இரு கறுப்பினப் பெண்களின் குரலைப் பொருளாக எடுத்தவரின் குரல், இங்கு ஒரு கறுப்பினப் பெண்ணின் படைப்பில் பொருளாகிறது. இந்தத் திசைமாற்றத்தால் பழைய கடன் தீர்ந்தது எனக் கணக்கு முடித்துவிட இயலாது. அலியாவிடம் கேட்க வழியில்லை. பிளேக்கோ அழைக்கப்பட்டு, பெயர் குறிக்கப்பட்டு, ஒப்புதலுடன் பாடியவர். ஆனாலும் பிளேக்கின் குரல் மிகுந்த கனம் பெறும் இடம் அவர் தம்மைப் பற்றிப் பாடாத இந்த ஒன்றரை நிமிடமே என்பது தன்வரலாற்று வாசிப்புக்கு விடையளிக்க இயலாத ஒரு செய்தி.

உருக்கொள்ளல்

2018 மே மாதம் ‘டோன்ட் மிஸ் இட்’ என்ற தனிப்பாடல் வெளியானபோது அதைச் ‘சோகப் பையன்’ இசை எனச் சிலர் குறித்தனர். பிளேக் பொதுவெளியில் மறுப்பு எழுதினார். ஆண்கள் தம் உணர்ச்சிகளை வெளிப்படையாகப் பேசும்போது அவ்வாறு முத்திரையிடுவது நலமற்றது என்றும், பெண்கள் பேசும்போது அதே கேள்வி எழுப்பப்படுவதில்லை என்றும் அவர் வாதிட்டார். மறுப்பின் முதற்பகுதி முற்றிலும் சரி. இரண்டாம் பகுதி ஐயத்துக்குரியது. பெண் பாடகர்களின் துயரம் எத்தனை முறை எள்ளலுக்கு ஆளானது என்பது இசை வரலாறு அறிந்தவர்க்குத் தெரியும்.

ஆயினும் கருத வேண்டியது வேறு. முத்திரை குத்தியவர்களும் மறுத்தவரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: பாடலில் ஒலிப்பது பாடுபவரின் சொந்த மனநிலை. 2019 ஜனவரியில் வந்த ‘அஸ்யூம் ஃபார்ம்’ இந்த உடன்பாட்டின்மேல் எழுப்பப்பட்ட தொகுப்பு. உருக்கொள்ளுதல் என்பதே தலைப்பின் பொருள். முன்பு உருவற்று அலைந்த குரல் இனி ஓர் உடலுக்குள் வந்து, ஒருவரைக் காதலித்து, அதை அவரிடமே சொல்லும் என்பது திட்டம். சொற்கள் பெருகின, குரல் முன்னுக்கு வந்தது, கருவிகள் பின்வாங்கின. பல விமர்சகர்கள் இதை முதிர்ச்சி என வரவேற்றனர்.

முதிர்ச்சி உண்டு, ஆனால் இழப்பும் உண்டு. முன்பு ஒரு வாக்கியத்தின் திரும்பல் சுமந்ததை இப்போது பத்து வாக்கியங்களின் விளக்கம் சுமக்கிறது. மகிழ்ச்சியைப் பாடுவது குற்றமன்று. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்லிக்கொண்டே போவதுதான் சோர்வளிக்கிறது. தொகுப்பின் தலைசிறந்த காதல் பாடல் ‘கான்ட் பிலீவ் தி வே வீ ஃப்ளோ’. அதில் நெஞ்சை அள்ளும் கூட்டுக்குரல் பிளேக்குடையதன்று. 1970களின் ‘தி மன்ஹாட்டன்ஸ்’ என்ற கறுப்பினச் சோல் குழுவின் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. தன் காதலைத் தன் உடலிலிருந்து பாடவந்தவர், அக்காதல் பொங்கும் இடத்தில் பிறர் குரலையே நாடுகிறார். ‘பேர்ஃபுட் இன் தி பார்க்’ பாடலிலும் ரொசலியா ஸ்பானிய மொழியில் பாடும் பகுதியே மேலெழுகிறது. இதைத் தோல்வி எனச் சுட்டுவது நோக்கமன்று. உருக்கொண்டதாக அறிவித்துக்கொண்ட குரல் இன்னும் பலருடையதாகவே இருக்கிறது; அதைச் சொல்ல மட்டும் தொகுப்பின் தலைப்புக்கு மனமில்லை.

மீண்டும் அரங்கு

2020இல் வந்த ‘கவர்ஸ்’ சிறுதொகுப்பு, ஃபிராங்க் ஓஷன், ஸ்டீவி வொண்டர், பில்லி ஐலிஷ் முதலியோர் பாடல்களின் மறுபாடல்களால் ஆனது. தூய பியானோவும் தூய குரலுமாக அழகாக இருக்கிறது. ஆனால் ‘லிமிட் டு யுவர் லவ்’ செய்தது எதையும் அது செய்யவில்லை. மறுபாடலுக்கும் மரியாதைக்கும் வேறுபாடு உண்டு. 2021இன் ‘ஃபிரண்ட்ஸ் தட் பிரேக் யுவர் ஹார்ட்’ நட்பின் முறிவைப் பற்றிய, நன்கு எழுதப்பட்ட, அவ்வளவாக நினைவில் நிற்காத தொகுப்பு.

2023 செப்டம்பரில் ‘பிளேயிங் ரோபாட்ஸ் இன்டு ஹெவன்’ வந்தது. அரங்க இசைக்குத் திரும்பினார் என எல்லோரும் எழுதினர். அதற்குமுன் ஜூன் மாதம் வெளியிடப்பட்ட தனிப்பாடல் ‘பிக் ஹாமர்’. பன்னிரண்டு ஆண்டுகள் தம் குரலைச் சந்தையின் நடுவில் நிறுத்தியிருந்த ஒரு பாடகர், புதிய தொகுப்பின் முகமாகத் தாம் பாடாத பாடலைத் தேர்ந்தார். அதில் கேட்பது ராகா ட்வின்ஸ் இரட்டையரின் குரல்துண்டுகள். கிழக்கு இலண்டனின் ஹாக்னி பகுதியைச் சேர்ந்த இவ்விருவரும் சவுண்ட் சிஸ்டம் மேடையில் வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் ஜமைக்கக் கூவுமுறையை வேகமான பிரேக்பீட் தாளத்துடன் இணைத்தவர்கள். ஜங்கிள் இசைக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் முன்னோடிகள்.

‘சி.எம்.ஒய்.கே.’யுடன் இதை அருகருகே வைத்துக் கேட்க வேண்டும். முன்னதில் குரல்கள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தன. அவை எவருடையவை என்பது தெரியாதவாறு சுருதி மாற்றப்பட்டன. பின்னதில் குரல்கள் பிளேக் வளர்ந்த நகரிலிருந்தே வருகின்றன. துண்டாக்கப்பட்டாலும் அவற்றின் கரகரப்பும் ஒலிப்பும் அழிக்கப்படவில்லை. இலண்டன் கேட்பவர் ஓரிரு நொடியில் அக்குரல்களின் ஊரையும் காலத்தையும் சொல்லிவிடுவார். எடுத்தாளல் தொடர்கிறது, எடுத்ததை அடையாளம் தெரியாமல் ஆக்கும் வேலை மட்டும் கைவிடப்பட்டுள்ளது. பாடலின் நடுவே தாளம் அறுந்து, அந்தக் குரல்கள் தனித்து நிற்கும் சில கணங்களில் பிளேக்கின் பங்கு அடியொலி மட்டுமே.